சோதித்தபோது சரி

மார்ச் 4, திங்கள்

ஜவுளிக்கடையில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இரண்டு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். காரணம், செண்பகத்தின் போன்.

முப்பத்தாறு வருஷம் தொலைபேசித் துறையில் கோளாறு பார்த்தவன் நான். திருச்சியில் பாதி வீட்டு வாசலில் என் செருப்பு கிடந்திருக்கிறது. எந்தக் கோளாறாக இருந்தாலும் தேதி போட்டு எழுதி வைத்தால் ஒருநாள் பிடி கொடுத்துவிடும். அதனால் இதற்கும் ஒரு பதிவேடு.

கருவி: ஆண்ட்ராய்டு போன். நாலு வருஷப் பழசு. மகள் அரசி வாங்கிக் கொடுத்தது.
உபயோகிப்பவர்: என் மனைவி செண்பகம். வயது அறுபத்தாறு. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள்.
கோளாறு 1: கண்ட நேரத்தில் அலாரம் அடிக்கிறது. காலை ஆறு பத்து, பத்து நாற்பது, பன்னிரண்டே கால், மாலை நாலு, ஏழரை. யார் வைத்தது என்று கேட்டால் "தெரியலைங்க" என்கிறாள். தானாகவே வைத்துக்கொள்கிறது போல.
கோளாறு 2: அடிக்கடி ஹேங் ஆகிறது.

இன்று பத்து நாற்பதுக்கு அது அலறியபோது நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். செண்பகம் திடுக்கிட்டு எழுந்து அடுப்படிக்கு ஓடினாள். பாவம், அந்தச் சத்தம் அவளையும் பாடாய்ப் படுத்துகிறது. நல்லவேளை, அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிற நேரத்தில் போய்ச் சேர்ந்தாள்.

மார்ச் 5, செவ்வாய்

கோளாறு 3. பெயர்களுக்கு வால் முளைத்திருக்கிறது.

ஆட்டோ முருகையாவின் நம்பர் வேண்டி அவள் போனை எடுத்தேன். பட்டியல் திறந்ததும் முதல் ஆளே இப்படி: "அரசி என் பொண்ணு ஓசூர் ஞாயிறு பேசுவா." அடுத்தது: "ஆட்டோ முருகையா நம்ம தெருமுனை காக்கிச் சட்டை." அதற்கும் கீழே: "எதிர்வீடு ஸ்டெல்லா டீச்சர் கண்ணாடி போட்டவங்க."

பெற்ற மகள் பெயரை எந்தத் தாயாவது இப்படிப் பதிந்து வைப்பாளா? வைரஸ்தான். வாட்ஸப்பில் வருகிற கண்ட கண்ட லிங்கையும் அமுக்கினால் இதுவும் வரும், இன்னமும் வரும்.

"என்னடி இது, ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் பட்டம் குடுத்து வச்சிருக்கே?" என்று கேட்டேன்.

மேலே தள்ளிப் பார்ப்பதற்குள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "குடுங்க. அது என் போன்."

நாற்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவள் என் கையிலிருந்து எதையும் பிடுங்கியது கிடையாது. எனக்கும் கோபம் வந்துவிட்டது. கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் ஜன்னலைச் சாத்துகிற அளவுக்குச் சத்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 7, வியாழன்

அலாரம் ஐந்து முறை. ஐந்து முறையும் கத்தினேன்.

மார்ச் 9, சனி

மெயின் ரோட்டில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நஸ்ரின் என்கிற பெண் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறாள். முப்பது வயது இருக்கும். வேலை சுத்தம் என்று முருகையா சொன்னதால் செண்பகத்தையும் அழைத்துக்கொண்டு போனேன். நடந்தால் பத்து நிமிஷம்.

நான் யார், எந்தத் துறையில் இருந்தவன், கேபிளை மோந்தே கோளாறைச் சொல்வேன் என்பதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவள் "சரிங்க சார், சரிங்க சார்" என்றபடி போனைத் துருவிக்கொண்டிருந்தாள். திரை முழுக்க விரலால் தேய்த்துப் பார்த்தாள். பேட்டரியைப் பார்த்தாள். அரைமணி ஆனது.

"டச் நல்லா இருக்கு சார். பேட்டரியும் பரவால்ல. வைரஸ் எதுவும் கிடையாது. போட்டோதான் ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிடக்கு. எடமே இல்ல, அதான் ஹேங் ஆகுது."

காட்டினாள். என்ன கண்றாவி! ஒரு நீலக் கதவு. ஒரு ட்ரான்ஸ்பார்மர். மருந்துக்கடை போர்டு. ஒரு கால் உடைந்த சிமெண்ட் பெஞ்ச். எங்கள் வீட்டு கேட். திரும்பவும் நீலக் கதவு, திரும்பவும் ட்ரான்ஸ்பார்மர். நடுவில் அடுப்புத் திருகு, மாத்திரை அட்டை, திறந்த பீரோ, என் செருப்பு. என் செருப்பு மட்டும் பதினாலு படம்.

"கேமரா தானா அமுங்குது, பாத்தியாம்மா? இதான் கோளாறு," என்றேன்.

"தானா அமுங்கினா தரையும் கைவிரலும்தான் விழும் சார். இதெல்லாம் நேரா நிறுத்தி, ஆடாம எடுத்தது." பிறகு என்னைத் தாண்டிப் பார்த்துக் கேட்டாள். "அம்மா, நீங்க எடுத்ததா இதெல்லாம்?"

செண்பகம் போன் உறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் "இல்ல" என்றாள்.

என்னைப் பார்த்துவிட்டு ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை.

நஸ்ரின் ரசீதில் 'கோளாறு எதுவும் இல்லை' என்று எழுதி, கீழே என் நம்பரையும் குறித்துக்கொண்டாள். எங்கள் துறையில் இதற்கு ஒரு வாசகம் உண்டு: 'சோதித்தபோது சரி.' சோம்பேறிகள் வீட்டுப் பக்கமே போகாமல் அப்படி எழுதிப் புகாரை மூடிவிடுவார்கள். நான் ஒருநாளும் அதை எழுதியதில்லை. கோளாறு இல்லாமல் யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள் என்பது என் கட்சி. கம்பம் கம்பமாக ஏறிக் கண்டுபிடித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன்.

கிளம்பும்போது அந்தப் பெண் சொன்னாள். "ரீசெட் போடுறதா இருந்தா பேக்கப் எடுத்துட்டுப் போடுங்க சார். அம்மாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

எனக்குப் பாடம் எடுக்கிறாள்.

மார்ச் 10, ஞாயிறு

அரசி பேசினாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"அம்மா, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா. நீங்க நல்லாயிருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

அரசி, "அப்பாகிட்ட குடும்மா" என்றாள். நான் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன்.

"அப்பா, அம்மா என்னை நீங்கங்குறாங்க."

"லைன் சரியில்ல. யாரோ வெளியாளுன்னு நெனச்சிருப்பா."

"போன வாரமும் இப்படித்தான்ப்பா. என் பேரையே சொல்ல மாட்டேங்குறாங்க."

"போன்ல கோளாறுங்கறேன்ல! பாத்துக்கிட்டுதான் இருக்கேன்." வைத்துவிட்டேன்.

இவளுக்குத் தெரியாதா தன் அம்மாவைப் பற்றி? பள்ளிக்கூடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். வருகைப் பதிவேட்டைத் திறக்காமலே ஒவ்வொன்றின் பெயரும் சொல்வாள். யாருக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, யாருடைய அப்பா வெளியூர் போயிருக்கிறார், யார் தங்கச்சிக்கும் சேர்த்து வாங்கிப் போகும், எல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். கடைத்தெருவில் மீசை முளைத்தவனெல்லாம் வந்து "டீச்சர்" என்று நிற்பான். ஒரு நொடிகூட யோசிக்காமல் அவன் பெயரையும் அவன் அக்கா பெயரையும் சொல்வாள். அப்படிப்பட்டவளைப் போய்.

கீரையில் ஒரு புழு. தூக்கிக் குப்பையில் போட்டேன்.

மார்ச் 13, புதன்

போன் பூட்டிக்கொண்டது. திறப்பதற்கு அவள் போடும் கோட்டை ஏற்க மறுக்கிறது. பழைய கோடு எனக்குத் தெரியும்: மேலிருந்து கீழே மூன்று புள்ளி, அங்கிருந்து பக்கவாட்டில் இரண்டு. நான் போட்டாலும் ஏற்கவில்லை.

"மாத்தினியா?"

"தெரியலைங்க."

"மாத்தாம எப்படிடி மாறும்? யார் பாத்துடப் போறாங்கன்னு மாத்தினே?"

ஏதேதோ கோடு இழுத்துப் பார்த்தாள். முப்பது விநாடி பொறு என்றது. பிறகு ஒரு நிமிஷம். பிறகு ஐந்து நிமிஷம். எனக்குப் பொறுமை போய்விட்டது. ரீசெட் போடப் போகிறேன் என்றேன்.

"வேணாங்க. அதுல என் ஆளுங்கல்லாம் இருக்காங்க."

"இருந்தா? எங்க ஓடிடப் போறாங்க? நம்பரை மறுபடி ஏத்திக்கலாம்."

"வேணாங்க," என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். உதறிவிட்டேன். வேகமாக ஒன்றும் உதறவில்லை.

போனை அணைத்து, வால்யூம் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்துப் பிடித்தேன். கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வந்தது. எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது. ஆம். நிச்சயமாகவா என்றது. ஆம். ஏழு நிமிஷத்தில் முடிந்தது. புதுப் பெண் மாதிரி பளிச்சென்று எழுந்து வந்து, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. தமிழ் என்றேன்.

நாலு மணிக்கு அலாரம் அடிக்கவில்லை. ஏழரைக்கும் அடிக்கவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

கோளாறுகள் 1, 2, 3 நீங்கின.

மார்ச் 14, வியாழன்

நீங்கவில்லை. ரீசெட் ஆன போன் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கிறது. அதைச் சொன்னால்தான் உள்ளே விடுமாம். திருட்டுப் போன போனை எவனும் துடைத்து விற்றுவிடக் கூடாதென்று வைத்த பூட்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சொந்தக்காரியையே திருடியாக்கி வாசலில் நிறுத்துகிறது.

கடவுச்சொல் என்ன என்று செண்பகத்திடம் கேட்டேன். "எதுக்குங்க?" என்றாள். நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் "எதுக்குங்க?" என்றாள்.

கணக்கைத் தொடங்கிக் கொடுத்தது அரசி. அவளைக் கேட்கலாம். கேட்டால் ஏன் ரீசெட் போட்டாய் என்பாள். ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 15, வெள்ளி

மாற்றுக் கருவிச் சோதனை.

எங்கள் வேலையில் அரிச்சுவடி இது. புகார் வந்தால் சந்தாதாரர் போனைக் கழற்றிவிட்டு, நாம் கொண்டுபோன நல்ல போனை அதே ஒயரில் மாட்டிப் பார்க்க வேண்டும். நல்ல போன் பேசினால் கோளாறு அவர் கருவியில். நல்ல போனும் பேசாவிட்டால் கருவியின் மேல் குற்றமில்லை. கோளாறு வேறிடத்தில்.

என் போனும் அவள் போனும் ஒரே மாடல். என்னுடையது எந்தக் கோளாறும் இல்லாதது. அதைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன்.

"அரசிக்குப் போடு."

போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்டியலை மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். 'அரசி' என்கிற பெயர் அவள் கட்டைவிரலுக்கு அடியிலேயே இரண்டு தடவை போனது. மூன்றாவது தடவை அங்கேயே நின்றாள். எனக்கு உயிர் வந்தது.

"இதுல வெறும் அரசின்னு போட்டிருக்கு," என்றாள். "எந்த அரசிங்க?"

சோதனை முடிவு: எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 16, சனி

பால் பாத்திரம் கருகிவிட்டது. வீடெல்லாம் புகை. ஸ்டெல்லா டீச்சர் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். மணி பத்து ஐம்பது.

மார்ச் 18, திங்கள்

காலை நடந்ததை இப்போது மாலையில் எழுதுகிறேன்.

ஒன்பதரைக்கு மின்கட்டண விஷயமாகப் போய்விட்டுப் பத்தரைக்குத் திரும்பினேன். கேட் திறந்து கிடந்தது. செண்பகம் இல்லை. மாடியில் பார்த்தேன், பின்பக்கம் பார்த்தேன், ஸ்டெல்லா டீச்சர் வீட்டில் பார்த்தேன். முருகையா ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு காய்கறிச் சந்தை, கோயில், பழைய பள்ளிக்கூடம் எல்லாம் சுற்றினார். பள்ளிக்கூட வாட்ச்மேன், "டீச்சரா? இங்க வரலியே" என்றான். அவள் கையில் போன் இருக்கிறதே, கூப்பிடலாமே என்று என்னை அறியாமல் இரண்டு தடவை அவள் நம்பரைப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடவுச்சொல் கேட்டு நிற்கிற போன் அடித்தால் எடுக்க அவளுக்கு எங்கே தெரியும்?

பயந்துவிட்டேன். எழுதத்தானே பதிவேடு, எழுதுகிறேன். ஆட்டோவிலேயே அழுதேன். முருகையா கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி ஓட்டினார்.

பன்னிரண்டு மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"சார், நான் செல்போன் கடை நஸ்ரின். அம்மா இங்கதான் உக்காந்திருக்காங்க. உங்க நம்பர் ரசீதுல இருந்துச்சு."

ஓடினேன். கடைக்குள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து செண்பகம் டீ குடித்துக்கொண்டிருந்தாள். மடியில் அந்தப் போன் இருந்தது.

நஸ்ரின் என்னைத் தனியாக ஓரத்துக்கு அழைத்தாள். "கொஞ்சம் முன்னாடிதான் வந்தாங்க சார், எங்கெங்கயோ சுத்திட்டு. என் ஆளுங்கல்லாம் இதுல இருந்தாங்க, எங்க போனாங்கன்னு தெரியல, தேடிக் குடுன்னு கேட்டாங்க. வீடு எங்கம்மான்னு கேட்டேன். போன்ல இருக்குன்னாங்க. போனைப் பாத்தா ரீசெட் ஆகி நிக்குது. உங்களை யாரு கூட்டிட்டுப் போவாங்கன்னு கேட்டேன். அதுக்கும் போன்ல இருக்குன்னாங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "நீங்கதானே சார் போட்டீங்க?"

ஆமாம் என்றேன். முப்பது வயதுப் பெண்ணின் முன்னால் தலை குனிந்து நின்றேன்.

ஆட்டோ வேண்டாம், நடக்கலாம் என்றாள் செண்பகம். நடந்தோம். மெயின் ரோட்டிலிருந்து திரும்பினால் மருந்துக்கடை போர்டு. அதைத் தாண்டினால் ட்ரான்ஸ்பார்மர். அடுத்த திருப்பத்தில் கால் உடைந்த சிமெண்ட் பெஞ்ச். பெஞ்சுக்கு நேர் எதிரே நீலக் கதவு. நீலக் கதவுக்கு நாலாவது வீடு எங்கள் கேட். பதினெட்டு வருஷமாக இந்த வழியில் நடக்கிறேன். இந்த நீலக் கதவை இன்றுதான் பார்த்தேன்.

குப்பைப் படம் ஒன்றும் இல்லை அவை. அவள் வீடு திரும்புகிற வழி. ஒவ்வொரு தடவை வெளியே போகும்போதும் திருப்பத்துக்குத் திருப்பம் நின்று எடுத்திருக்கிறாள். நான் வீட்டில் இருக்கிறேனா என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வாசலில் கிடக்கும் என் செருப்பையும் எடுத்திருக்கிறாள்.

ஏழு நிமிஷத்தில் நான் எல்லாவற்றையும் துடைத்துப் போட்டேன். படுபாவி நான்.

மார்ச் 19, செவ்வாய்

அரசிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "நாளைக்கு வர்றேன்ப்பா" என்றாள்.

மார்ச் 21, வியாழன்

டாக்டரிடம் போனோம். நரம்பு டாக்டர், சின்ன வயசு. செண்பகத்திடம் இன்று என்ன கிழமை என்று கேட்டார். என்ன மாதம் என்று கேட்டார். மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். நான் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், எப்படியாவது அவளுக்குக் கேட்டுவிடாதா என்று. எலுமிச்சை, சாவி, படகு. எனக்கு ஆயுசுக்கும் மறக்காது.

அவள் டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள். "தம்பி நல்லாயிருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் என்னைக் கேட்டார். இரண்டு வாரமாக என்றேன். அரசி என்னைப் பார்த்தாள். டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார். "ஒண்ணரை, ரெண்டு வருஷம் இருக்கும் சார். இவ்வளவு நாள் எப்படியோ சமாளிச்சிருக்காங்க. ரொம்பக் கெட்டிக்காரங்க."

குணமாகாது என்றார். வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று மாத்திரை எழுதினார். சத்தம் போடாதீர்கள் என்று ஒரு பேச்சுக்கு எல்லோரிடமும் சொல்வதுபோல் சொன்னார்.

மார்ச் 22, வெள்ளி

அரசி வந்த அன்றே தன் நம்பருக்கு வந்த ரகசிய எண்ணைப் போட்டுக் கடவுச்சொல்லை மாற்றியிருந்தாள். ஒரு நாளாவது பொறுக்கச் சொன்ன போன் இன்று காலை வழி விட்டது. படங்கள் வரவில்லை. அவை போனுக்குள் மட்டும்தான் இருந்தனவாம். அலாரங்களும் போயின. ஆனால் பெயர்கள் வந்தன. கணக்கில் சேர்ந்திருந்ததால் ஒவ்வொன்றாக, மழைக்குப் பிறகு ஈசல் மாதிரி கிளம்பி வந்தன. நூற்று முப்பத்தேழு பேர்.

அரசியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். பால் கோவிந்து காலையில் மட்டும் வருவார். நாத்தனார் மங்கை இவர் தங்கச்சி போன வருஷம் தவறிட்டா கூப்பிடாதே. மருந்துக்கடைத் தம்பி சீட்டைக் காட்டினால் போதும். முதல் பேருக்கு வால் முளைத்தது போன வருஷத்துக்கு முந்தின ஆடியாக இருக்கும் என்று அரசி சொல்கிறாள். அப்போது வந்திருந்தபோது அம்மா எந்நேரமும் போனும் கையுமாக இருந்தாளாம். நாங்கள் இருவரும் கேலி செய்தோமாம். எனக்கு ஞாபகமில்லை.

அந்த இரண்டு வருஷமும் நான் இதே வீட்டில்தான் இருந்தேன். அவள் தனியாக, ஒருவரிடமும் சொல்லாமல், மறந்துபோவதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் எழுதிக்கொண்டே வந்திருக்கிறாள்.

கடைசிப் பக்கம் வந்ததும் அரசியின் விரல் நின்றது. போனை என் கையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

"வீட்டுக்காரர் மருதமுத்து. வெள்ளை மீசை. கத்துவார். பயப்படாதே. நல்லவர்தான்."

மார்ச் 24, ஞாயிறு

அரசி இரவு பஸ்ஸில் ஓசூர் கிளம்புகிறாள். அடுத்த மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இரண்டு நாளாகச் செய்த வேலைகள்: அலாரம் ஐந்தும் திரும்ப வைத்தாயிற்று. நேரங்கள் எனக்கு மனப்பாடம். அவ்வளவு தூரம் அதைத் திட்டியிருக்கிறேன். எது எதற்கு என்பதை, அடித்ததும் அவள் ஓடிப்போய்ச் செய்த வேலையை வைத்து ஊகித்தேன். காலை ஆறு பத்து, பால் வாங்கு. பத்து நாற்பது, அடுப்பைப் பார். பன்னிரண்டே கால், சோறு போடு. நாலு, மாத்திரை. ஏழரைக்கு என்ன என்று எனக்குத் தெரியவில்லை. செண்பகத்துக்கும் தெரியவில்லை. சும்மா அடிக்கட்டும் என்று வைத்திருக்கிறேன். அடித்ததும் அவள் வாசலுக்குப் போய் என் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறாள்.

இன்று காலை நாங்கள் இருவரும் மெயின் ரோடு வரை போய்ப் படங்களைத் திரும்ப எடுத்தோம். நான் எடுக்கிறேன் என்றேன், கொடுக்க மாட்டேன் என்றாள். ஒவ்வொரு திருப்பத்திலும் காலை அகட்டி நின்று, மூச்சைப் பிடித்து, ஆடாமல் எடுத்தாள். நஸ்ரின் கடை வாசலையும் ஒன்று எடுத்தாள். நஸ்ரின் வெளியே வந்து சிரித்துக்கொண்டு நின்றதால் அந்தப் பெண்ணும் படத்தில் விழுந்துவிட்டாள்.

மாலையில் கருவியைக் கடைசியாக ஒருமுறை சோதித்தேன். அவள் போன் அடுப்படியில். நான் கூடத்திலிருந்து என் போனில் அழைத்தேன். மணி அடித்தது. அவள் எடுக்கவில்லை. திரையை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். என் மீசையைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். திரும்ப மீசையைப் பார்த்தாள்.

"நீங்க கத்துவீங்களாமே?"

"யார் சொன்னா?"

"போன்ல போட்டிருக்கு."

"இனிமே கத்த மாட்டேன் செண்பகம். சத்தியமா."

"போன்ல போட்டிருக்கே," என்றாள் மறுபடியும். என்னை விட அதைத்தான் நம்பினாள். நம்பட்டும், அது பொய் சொல்லவில்லையே.

"அந்த ஒரு வார்த்தையை மட்டும் அழிச்சிடட்டுமா? இங்க குடு," என்று கை நீட்டினேன்.

போனைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "வேணாங்க. அதை அழிச்சிட்டா எனக்கு அவரை அடையாளம் தெரியாது."

அரசி உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டதோ இல்லையோ. நான் சரி என்றேன். செண்பகம் மறுபடி அடுப்படிக்குப் போனாள்.

கருவி: சோதித்தபோது சரி. முப்பத்தாறு வருஷ வேலையில் ஒருநாளும் எழுதாததை இன்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மணி ஏழரை. அலாரம் அடிக்கிறது. அவள் வாசலுக்குப் போகிறாள்.